வாயிலும் பலகையும்: கலைக் கல்வியில் ஒப்புரிமை

கல்விக்கூடத்தின் வாயில் எல்லார்க்கும் திறந்திருத்தல் வேண்டும் என்பது இன்று பலரும் உடன்படும் கொள்கை. ஆயின், வாயில் திறந்த அளவிலேயே ஒப்புரிமை நிறைவெய்துமோ என்பது தனித்து ஆராயத்தக்கது. இது பல்கலைக்கழகங்கள் தோன்றிய பின்னர் எழுந்த புதிய வினா அன்று. தமிழ் இலக்கியத்தில் இதற்குப் பழைய சான்றுகள் உள்ளன. அவற்றை முதற்கண் நோக்கி, இருபதாம் நூற்றாண்டில் இசையும் ஆடலும் கல்விக்கூடம் புகுந்த வரலாற்றோடு ஒப்பிட்டு, நம் துறைகள் செய்யக் கடவது யாது எனக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. யாழ்ப்பாணர் வரலாறு

திருநீலகண்ட யாழ்ப்பாணர் எருக்கத்தம்புலியூரிற் பிறந்தவர். பாணர் குலத்தினர். அவர் மதுரைத் திருக்கோயிலை அடைந்து வாயிலில் நின்று யாழ் வாசித்தார் என்று சேக்கிழார் கூறுகிறார். இறைவன் தொண்டர்களின் கனவில் தோன்றி ஆணையிட, அவர்கள் பாணரைத் திருமுன்பு கொண்டு புகுந்தனர். அவர் நிலத்திலிருந்து வாசித்தபொழுது, தரையின் ஈரத்தால் யாழின் நரம்பு தளரும் என்று கருதிய இறைவன், பலகை இடுமாறு பணித்தான். பலகையின்மேல் இருந்து பாணர் இசைத்தார். பின்னர்த் திருவாரூரை அடைந்தபொழுது, அவர் புகுதற்கு வடதிசையில் வேறொரு வாயில் வகுக்கப்பெற்றது.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒருங்கு வைத்து நோக்குதல் வேண்டும். திருவாரூரில் வகுக்கப்பெற்ற வேறு வாயிலை இறைவன் அளித்த தனிச் சிறப்பு எனக் கொள்ளவும் இடம் உண்டு. எனினும், ஏனைய அடியார் புகும் வாயிலும் பாணர் புகும் வாயிலும் ஒன்றாகவில்லை என்பது அங்குப் புலனாகிறது. மதுரையிலோ, பாணர் உள்ளே கொண்டு செல்லப்பெற்றதோடு அமையாமல், உள்ளே அவர் தம் கலையைக் குறைவின்றி நிகழ்த்துதற்கு வேண்டுவதும் செய்யப்பெற்றது. ஈர நிலம் எல்லார்க்கும் பொதுவே. ஆயினும், நரம்புக் கருவி உடையார்க்கே அதனால் இடையூறு. எல்லாரையும் ஒரே நிலத்தில் இருத்துதல் மட்டும் ஒப்புரிமை ஆகாது என்னும் நுட்பம் இப்பலகையால் விளங்குகிறது.

2. மரபைத் தேடிச் சென்ற ஏடு

இப்பாணர் மரபு பற்றிய மற்றொரு செய்தியைத் திருமுறைகண்ட புராணம் தருகிறது. தில்லையில் தேவார ஏடுகள் கிடைத்தன. ஆனால், அவற்றிற்கு உரிய பண் முறையை அறிவார் இலர். சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் எருக்கத்தம்புலியூரில் யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்மணி ஒருவரைக் கண்டு, அவரைக் கொண்டு பண் வகுப்பித்தனர் என்பது அந்நூல் கூறும் வரலாறு.

இச்செய்தி புராண மரபினது. எனினும், அது உணர்த்தும் உண்மை சிறிதன்று. எழுத்தறிவு ஒருபாலும் இசையறிவு ஒருபாலும் நின்றன. ஏட்டறிவுடையார் வாய்மொழி மரபுடையாரை நாடிச் சென்றனர். அம்மரபின் உரிமையாளர் ஒரு பெண். அவரது தகுதியை அளக்க வேறு சான்று கேட்கப்பெற்றதாக நூல் கூறவில்லை. பண்ணை அறிந்திருந்ததே தகுதியாயிற்று.

3. இருபதாம் நூற்றாண்டில் நேர்ந்த மாற்றம்

ஆபிரகாம் பண்டிதரின் கருணாமிர்த சாகரம் 1917ஆம் ஆண்டு வெளிவந்தது. 1929இல் சிதம்பரத்தில் அண்ணாமலை செட்டியார் இசைக் கல்லூரி நிறுவினார். 1941இல் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு கூடிற்று. 1943இல் தமிழ் இசைச் சங்கம் சென்னையில் தோன்றிற்று. தமிழில் பாடுதற்கே இடம் கேட்க வேண்டிய நிலை தமிழ்நாட்டில் இருந்தமையை இவ்வாண்டுகள் காட்டுகின்றன. மொழி காரணமாக அடைபட்டிருந்த வாயில் அவ்வியக்கத்தால் திறந்தது.

கல்லூரிகள் இசையைப் பாடமாக ஏற்றதனால் விளைந்த நன்மையை மறுத்தல் இயலாது. இசைக் குடும்பத்திற் பிறவாதவரும், முன்னர்ப் பொது அரங்கில் பாடத் தயங்கிய குடும்பத்துப் பெண்டிரும் முறையாகக் கற்கும் வாய்ப்புப் பெற்றனர். கல்லூரிச் சேர்க்கையில் பின்தங்கிய வகுப்பினர்க்கு இடம் ஒதுக்கும் உரிமையும் போராடியே நிலைபெற்றது. சென்னை மாநிலத்தின் வகுப்புவாரி ஆணை செல்லாது என்று 1951இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் அரசியலமைப்பு முதன்முறையாகத் திருத்தப்பெற்றுப் பதினைந்தாம் உறுப்பில் நான்காம் உட்பிரிவு சேர்க்கப்பெற்றது.

இவை வாயிலைப் பற்றியன. பலகை யாது ஆயிற்று? பள்ளிச் சான்றும் எழுத்துத் தேர்வும் கலைக் கல்விக்குரிய தகுதிகளாக அமைந்தன. மரபு வழியாகக் கேட்டும் உடனிருந்தும் கற்றோர்க்கு அவை எளியன அல்ல. 1947ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கத்தைத் தடுத்தது. அச்சீர்திருத்தம் வேண்டப்பட்டதே. ஆயினும், அக்குடும்பங்களில் வளர்ந்திருந்த கலையறிவுக்குக் கல்விக்கூடத்தில் உரிய இருக்கை அமைத்துத் தருவது அச்சட்டத்தின் பணி அன்று. அது கல்வியாளரின் பணி. அது போதிய அளவில் நிகழவில்லை என்றே கொள்ளுதல் வேண்டும். வீணை தனம்மாளின் பெயர்த்தியாகிய பாலசரசுவதியும் அவர் தம்பியரும் அமெரிக்காவின் வெசுலியன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராய் அமர்ந்து கற்பித்தமை ஈண்டு நினையத்தக்கது. மரபு வழிக் கலைஞர்க்குப் பல்கலைக்கழகம் இருக்கை அளித்தல் இயலும் என்பதற்கு அது சான்று.

நம் நாட்டிலும் நற்சான்று இல்லாமல் இல்லை. தமிழ் இசைச் சங்கத்தின் பண் ஆராய்ச்சிக் கூட்டங்களில் ஓதுவார்களும் இசையறிஞர்களும் ஒருங்கிருந்து ஆராய்ந்தனர். நாகசுரம், தவில், தேவாரம் ஆகியவற்றை அரசின் மாவட்ட இசைப் பள்ளிகள் கற்பிக்கின்றன. அப்பள்ளிகளில் சான்றிதழ் பெறுவோர் பட்டப் படிப்பிற்கும் ஆய்விற்கும் தடையின்றி ஏறிச் செல்ல வழி உண்டோ என்று ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் சேர்க்கை விதியை நோக்கி விடை கூறுதல் வேண்டும். வழி இல்லையேல், அது திருவாரூரின் வடவாயிலே ஆகும்.

4. உடற்குறையும் கல்வியும்

பலகையின் தேவை குலத்தோடு மட்டும் தொடர்புடையதன்று. பதினேழாம் நூற்றாண்டினராகிய அந்தகக்கவி வீரராகவ முதலியார் பார்வையற்றவர். ஆசிரியர் அவர்தம் முதுகில் எழுத்தை எழுதிக் கற்பித்தார் என்பது செவிவழிச் செய்தி. அது மெய்யாயினும் புனைவாயினும், ஆசிரியர் முறையை மாற்றினால் மாணவர் கற்பர் என்னும் தெளிவு தமிழ் மக்களிடம் இருந்தது என்பதற்கு அக்கதையே போதும். குழலிசையைத் தனிக் கச்சேரிக்குரியதாக உயர்த்திய கும்பகோணம் சரப சாத்திரிகளும் இளமையிலேயே பார்வை இழந்தவர்.

1995ஆம் ஆண்டுச் சட்டம் அரசுக் கல்வி நிறுவனங்களிலும் அரசு உதவி பெறும் நிறுவனங்களிலும் மாற்றுத் திறனாளிகளுக்கு நூற்றுக்கு 3 இடங்கள் ஒதுக்கிற்று. 2016ஆம் ஆண்டுச் சட்டம் உயர்கல்வியில் அதனை 5 ஆக உயர்த்தியது. வாயில் அகன்றது. இந்திய மொழிகளுக்குப் பொதுவான பிரெயில் எழுத்துமுறையும் 1951 முதல் உண்டு. எனினும், தொல்காப்பிய உரைகளும் சங்க இலக்கியப் பதிப்புகளும் தொட்டோ கேட்டோ கற்கும் வடிவில் மாணவர் கைக்குக் கிட்டாவிடின், சேர்க்கை பெயரளவிற்றே ஆகும். தேர்வில் விடை எழுதித் தருபவர் யாப்பும் புணர்ச்சியும் அறியாதவராயின், மாணவர் சொல்லும் செய்யுள் சிதைந்தே தாளில் ஏறும். அப்பிழைக்கு மதிப்பெண் இழப்பவர் மாணவரே. இக்குறையை நீக்கப் பெரும் பொருள் வேண்டுவதில்லை. துறையினர் மனங்கொண்டால் போதும்.

5. முடிபு

மேற்கூறியவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படும். ஒன்று, கலைக் கல்வியில் ஒப்புரிமை என்பது சேர்க்கையோடு முடிவதன்று. இரண்டு, வாய்மொழி மரபினரைக் கற்போராக மட்டுமன்றிக் கற்பிப்போராகவும் ஏற்றல் வேண்டும். மூன்று, நூலும் தேர்வும் மாணவரின் நிலைக்கேற்ப வடிவு மாறுதல் சலுகை ஆகாது. அவர்தம் கலையறிவை உள்ளபடி அறிதற்கு அதுவே வழி. மதுரையில் இடப்பெற்ற பலகையால் யாழ்ப்பாணருக்குப் புதிய புலமை எதுவும் வந்து சேரவில்லை. அவரிடம் முன்னரே இருந்த புலமை பிறர் செவிக்குக் குறைவின்றி எட்டிற்று. அத்தகைய பலகையை இடுதல் இன்று பல்கலைக்கழகங்களின் கடன் ஆகும்.