டிஜிட்டல் கோடுகளில் முதன்மைப் புள்ளிகள்

ஒரு வளைகோட்டில் உள்ள எல்லாப் புள்ளிகளும் அதன் வடிவத்தைச் சமமாகத் தாங்குவதில்லை. கோடு திசை மாறும் சில இடங்களை மட்டும் வைத்துக்கொண்டு, அவற்றை நேர்கோடுகளால் இணைத்தாலே உருவம் அடையாளம் தெரிந்துவிடும். அந்த இடங்களே முதன்மைப் புள்ளிகள்.

கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். குளச்சலிலிருந்து மண்டைக்காடு, மணவாளக்குறிச்சி வழியாகத் தென்கிழக்கே வரும் மணற்கரை ஏறக்குறைய ஒரே போக்கில் நீள்கிறது. முட்டத்தில் பாறைமுனை கடலுக்குள் நீட்டி நிற்கிறது. வரைபடத்தில் மணற்கரையின் புள்ளிகள் பலவற்றை அழித்தாலும் கரையின் உருவம் கெடாது. முட்டத்து முனையை அழித்தால் கெட்டுவிடும்.

மனிதக் கண் இந்த வேலையை எப்படிச் செய்கிறது என்று 1954இல் அமெரிக்க உளவியலாளர் பிரெட் அட்னீவ் எழுதினார். கோட்டின் செய்தி அது அதிகம் வளையும் இடங்களில் குவிந்திருக்கிறது என்பது அவர் கருத்து. தூங்கும் பூனை ஒன்றின் உருவத்தில் அத்தகைய 38 புள்ளிகளைத் தேர்ந்து நேர்கோடுகளால் இணைத்தார். பூனை பூனையாகவே தெரிந்தது.

கணினிக்கு இது எளிதல்ல. செயற்கைக்கோள் படத்தில் முட்டத்துக் கரை சதுரக் கட்டங்களின் வரிசைதான். சாய்ந்த நேர்கோடுகூட அங்கே படிக்கட்டாக மாறிவிடும். மிக அருகில் பார்த்தால் ஒவ்வொரு படியும் மூலையாகத் தோன்றும். தள்ளி நின்று பார்த்தாலோ உண்மையான மூலைகள் மழுங்கிவிடும். இத்துறையின் வரலாறு, எவ்வளவு தூரத்திலிருந்து பார்ப்பது என்ற கேள்விக்கு விடை தேடிய வரலாறு.

1961இல் ஹெர்பர்ட் ஃபிரீமன், கோட்டின் ஒவ்வோர் அடியையும் 0 முதல் 7 வரையிலான எட்டுத் திசை எண்களில் ஒன்றாகக் குறிக்கும் சங்கிலிக் குறியீட்டைத் தந்தார். 1973இல் அசிரியல் ரோசன்ஃபெல்டும் ஜான்ஸ்டனும், ஒரு புள்ளியிலிருந்து இருபுறமும் குறிப்பிட்ட தொலைவில் உள்ள புள்ளிகளை நோக்கிக் கோடு இழுத்து, இடைப்பட்ட கோணத்தை அளந்தனர். அந்தத் தொலைவின் உச்ச வரம்பைப் பயனரே முன்கூட்டித் தர வேண்டியிருந்தது. 1989இல் டேயும் சின்னும் அந்தத் தேவையை நீக்கினர்: ஒவ்வொரு புள்ளியும் தன் சுற்றுவட்டத்தின் அளவைக் கோட்டின் வடிவத்திலிருந்தே கண்டுகொள்ளும் முறையை வகுத்தனர். வளைவை எந்தச் சூத்திரத்தால் அளக்கிறோம் என்பதைவிட, அந்தச் சுற்றுவட்டத்தைச் சரியாகக் கணிப்பதே முக்கியம் என்றும் காட்டினர்.

வேறு வழியில் வந்தவர்களும் உண்டு. 1972இல் ராமரும், 1973இல் டக்ளஸ், பியூக்கர் இருவரும் தனித்தனியே வெளியிட்ட முறை இது: கோட்டின் இரு முனைகளையும் நேர்கோட்டால் இணை, அதிலிருந்து மிகவும் விலகிய புள்ளி வரம்பைத் தாண்டினால் அதை வைத்துக்கொள், பிரிந்த இரு பகுதிகளிலும் இதையே திரும்பச் செய். கரையோரங்களைச் சுருக்கி வரைய இன்றும் இது பயன்படுகிறது. எத்தனை புள்ளிகளை விட்டுவைக்கிறோமோ, அதற்கேற்பக் கரையின் நீளமும் மாறும். 1970களின் கணக்கில் 906.9 கி.மீ. ஆக இருந்த தமிழகக் கடற்கரை, புதிய அளவீட்டில் 1068.69 கி.மீ. ஆனது. பழைய அளவீடு 1:45,00,000 அளவிலான படத்தில் எடுத்தது. புதியது 1:2,50,000 அளவில். முன்பு விடுபட்ட வளைவு நெளிவுகள் இப்போது கணக்கில் சேர்ந்தன.

தமிழ் எழுத்துக்கும் இந்த ஆய்வு வந்து சேர்ந்தது. 'ட'வுக்கு ஒரு மூலை போதும். சுழிகள் நிறைந்த 'ஐ'க்குப் பல திருப்பங்கள் வேண்டும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஏ. ஜி. ராமகிருஷ்ணன் குழுவினரும் எச்.பி. ஆய்வகத்தினரும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், திரையில் எழுதும் தமிழ் எழுத்துகளை அடையாளம் காண, எழுதுகோல் சென்ற தடம் முழுவதையும், அதன் சாய்வுகளையும், முதன்மைப் புள்ளிகளை மட்டும் எடுத்துக்கொள்வதையும் ஒப்பிட்டனர். துல்லியத்தோடு வேகமும் அங்கே அளவுகோலாக இருந்தது.

இந்தியாவில் குமார் எஸ். ராயும் பிமல் குமார் ராயும் 1992இலேயே இத்துறையில் எழுதினர். பிமல் குமார் ராய் பின்னர் வேலூர் வி.ஐ.டி.யில் பணியாற்றினார், அங்கிருந்தும் புதிய முறைகள் வெளிவந்தன.

முறைகள் பெருகியதும் எது சிறந்தது என்ற கேள்வி எழுந்தது. புள்ளிகள் எவ்வளவு குறைந்தன, பிழை எவ்வளவு கூடியது என்ற இரண்டையும் ஒரே எண்ணாகச் சேர்த்த பழைய அளவுகோல், அதிகப் புள்ளிகளை விட்டுவைக்கும் முறைகளுக்கே சாதகமாக இருப்பதை 1997இல் பால் ரோசின் சுட்டிக்காட்டினார். அதே எண்ணிக்கைப் புள்ளிகளால் எட்டக்கூடிய மிகச் சிறந்த விடையோடு ஒவ்வொரு முறையையும் ஒப்பிட வேண்டும் என்பது அவர் முன்வைத்த மாற்று.