பப்பான் கிராமத்துச் செவிலித்தாய்



தலைவர் என்றதும் மேடையும் மாலையும்தாம் நம் மாணவர்களின் நினைவுக்கு வருகின்றன. கிறிஸ்தவ மரபு வேறொரு காட்சியைக் காட்டுகிறது. இறுதி இராவுணவின்போது இயேசு தம் சீடர்களின் கால்களைக் கழுவினார்; அது பணியாளன் செய்யும் வேலை. இந்தப் பாடத்தைப் பேராக் மாநிலத்தில் வாழ்ந்து காட்டியவர் சிபில் கார்த்திகேசு.

1899-இல் மேடானில் பிறந்த சிபில், யுரேசியர், கத்தோலிக்கர், பயிற்சி பெற்ற தாதி. 1919-இல் இலங்கைத் தமிழ் மரபில் வந்த மருத்துவர் ஏ.சி. கார்த்திகேசுவை மணந்தார். ("அவர் தமிழரா?" என்று கேட்போர் உண்டு. தமிழ்க் குடும்பத்தின் மருமகளை நாம் ஏன் அந்நியராக்க வேண்டும்?) ஈப்போ புருவ்ஸ்டர் சாலையில் இருவரும் மருந்தகம் நடத்தினர். கண்டோனீஸ் மொழியைச் சரளமாகப் பேசிய சிபிலை அங்குள்ள சீனர்கள் தம்மவராகவே கருதினர்.

1941 டிசம்பரில் ஜப்பானியர் படையெடுத்தபோது, குடும்பம் அருகிலிருந்த பப்பான் என்னும் ஈயச் சுரங்கச் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே 74-ஆம் எண் கடைவீட்டில், ஊர் மக்களுக்குப் பகலிலும், காட்டிலிருந்து வந்த ஜப்பானிய எதிர்ப்புப் போராளிகளுக்கு இரவிலும் சிபில் காயம் கழுவி மருந்திட்டார். தடை செய்யப்பட்ட வானொலியையும் மறைத்து வைத்துச் செய்தி கேட்டார். எந்தப் பதவியும் அவருக்கு இல்லை. ஆயினும் ஊரே அவரை நம்பி நின்றது.

1943-இல் அவர் கைது செய்யப்பட்டார். போராளிகளின் பெயர்களைக் கேட்டுக் கொடுமைப்படுத்தினர். அவர் வாய் திறக்கவில்லை. பின்னர் அவருடைய இளைய மகள் டோனைக் கொண்டுவந்து மரத்தில் தொங்கவிட்டு, கீழே தீ மூட்டி எரிக்கப் போவதாக மிரட்டினர்.

இவ்விடத்தில் பெற்றோராகிய நமக்கு ஒரு கேள்வி எழாமல் இராது. தன்னுயிரைத் தருவது தியாகம். பெற்ற பிள்ளையைப் பணயம் வைப்பதும் தியாகமாகுமா? எனக்கு இதற்கு எளிதான விடை கிடைக்கவில்லை. ஒன்று மட்டும் தெளிவு. அவர் ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் அதே கொடுமை பப்பானில் வேறொரு வீட்டுப் பிள்ளைக்கு நேர்ந்திருக்கும். தம் சுமையைப் பிறர் தலையில் இறக்கிவைக்க அவர் மறுத்தார். டோன் உயிர் பிழைத்தாள்.

ஆயுள் தண்டனை பெற்று பத்து காஜா சிறையில் இருந்த சிபில், 1945-இல் ஜப்பான் சரணடைந்தபின் விடுதலையானார். அப்போது நடக்கவும் இயலாத நிலை. சிகிச்சைக்காகப் பிரிட்டனுக்குக் கொண்டு செல்லப்பட்ட அவருக்கு வீரத்திற்கான ஜார்ஜ் பதக்கம் வழங்கப்பட்டது. ஆனாலும், சித்திரவதையில் தாடையில் பட்ட காயமே 1948 ஜூன் 12-இல் அவர் உயிரைப் பறித்தது. ஸ்காட்லாந்தில் அடக்கம் செய்யப்பட்ட உடல் 1949-இல் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டது. அவருடைய நினைவுக் குறிப்புகள் 1954-இல் ஆங்கிலத்தில் நூலாயின.

நம் ஜுரு வட்டாரத்திலிருந்து ஈப்போவுக்குச் செல்லும் பள்ளிச் சுற்றுலாக்கள் பெரும்பாலும் தம்புன் நீர் விளையாட்டுப் பூங்காவோடு முடிந்துவிடுகின்றன. புனித மைக்கேல் தேவாலயத்தை அடுத்த கல்லறைத் தோட்டத்தில்தான் சிபில் துயில்கிறார். அடுத்த பயணத்தில் பேருந்தை அங்கே அரை மணி நேரம் நிறுத்தலாம்.