ஈரி ஏரி: வகுப்பில் நான் பாதியில் நிறுத்திய பாடம்

பதிவு கொஞ்சம் நீளம்தான். நானே நடத்திய ஒரு பழைய பாடத்தைத் திருத்த வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வட அமெரிக்காவின் ஐம்பெரும் ஏரிகளை 'ஹோம்ஸ்' என்ற ஒரே சொல்லில் மனப்பாடம் செய்ய வைப்பேனே, நினைவிருக்கிறதா? ஹியூரான், ஒன்டாரியோ, மிச்சிகன், ஈரி, சுப்பீரியர். பனிக்கட்டியாக உறையாமல் நிலத்தின் மேல் இருக்கும் உலக நன்னீரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்த ஐந்து ஏரிகளில்தான் இருக்கிறது. பாடம் முடிந்ததும் ஈரி ஏரியின் கதையைச் சொல்வேன். "செத்துப்போச்சுன்னு கைவிட்ட ஏரி. அரசாங்கம் சட்டம் போட்டுப் பிழைக்க வச்சுது" என்று முடிப்பேன். மணியும் அடித்துவிடும்.

2014 ஆகஸ்டில் ஒரு பழைய மாணவி தொலைபேசியில் பேசினாள். திருமணமாகி ஒஹாயோ மாநிலத்தின் டோலிடோ நகரில் இருந்தாள். "சார், ரெண்டு நாளா குழாய்த் தண்ணி குடிக்கக் கூடாதுன்னுட்டாங்க. கொதிக்க வச்சாலும் ஆகாதாம். கடையில பாட்டில் தண்ணியும் இல்ல. இது ஈரி ஏரித் தண்ணிதான் சார். அது பிழைச்சிடுச்சுன்னுதானே சொன்னீங்க?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதன் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன்.

முதலில், வகுப்பில் சொன்ன பகுதி. ஐந்து ஏரிகளில் ஈரிதான் ஆழம் குறைந்தது. சுப்பீரியரின் சராசரி ஆழம் சுமார் 147 மீட்டர், ஈரிக்கு 19 மீட்டர்தான். அதன் மேற்குக் கோடியில் சராசரி 7 மீட்டர் அளவுதான். ஆழம் குறைவு என்பதால் தண்ணீர் சீக்கிரம் சூடாகும், கலக்கும் அழுக்கும் சீக்கிரம் வேலையைக் காட்டும். கரையைச் சுற்றி டெட்ராய்ட், டோலிடோ, கிளீவ்லாந்து, பஃபலோ என்று தொழில் நகரங்கள். சாக்கடையும் ஆலைக் கழிவும் ஏரிக்கே போயின.

நம் ஊர் ஈசல் போலக் கூட்டமாகக் கிளம்பும் மே ஈ என்ற பூச்சி அங்கே உண்டு. அதன் இளம் புழுக்கள் ஏரியின் அடிச் சேற்றில் வளரும், மீன்களுக்கு அவை நல்ல உணவு. 1953இல் மேற்குப் பகுதியின் அடித்தண்ணீரில் ஆக்சிஜன் இல்லாமல் அவை கூட்டமாக மடிந்தன. 1950களின் இறுதியில் 'புளூ பைக்' என்ற மீனின் பிடிப்பு அடியோடு சரிந்தது. 1969 ஜூன் 22 அன்று, ஈரியில் கலக்கும் கயஹோகா ஆற்றில் மிதந்த எண்ணெயும் குப்பையும் தீப்பிடித்தன. அரை மணி நேரத்துக்குள் அணைந்த சின்னத் தீ. அதற்கு முன்பே அந்த ஆறு பலமுறை எரிந்திருக்கிறது. 'டைம்' இதழ் அந்தச் செய்தியோடு போட்ட படம்கூட 1952இல் எரிந்த பெரிய தீயின் படம்தான்.

ஏரி செத்துவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. ஆனால் அங்கே பாசி தேவைக்கு மேல் செழித்திருந்தது. சாக்கடையும் சலவைத்தூளும் கொண்டுவந்த பாஸ்பரஸ் அதற்கு உணவு. பாசி மடிந்து அடியில் அழுகும்போது தண்ணீரிலிருந்த ஆக்சிஜன் தீர்ந்துபோனது.

1972இல் அமெரிக்காவும் கனடாவும் பேரேரிகளின் நீர்த் தரத்துக்காக ஒப்பந்தம் செய்துகொண்டன. நிக்சனும் பியர் ட்ரூடோவும் ஒட்டாவாவில் கையெழுத்திட்டார்கள். பாஸ்பரஸ்தான் குற்றவாளியா என்ற வாதம் அப்போதும் ஓயவில்லை. 1973இல் கனடாவில் டேவிட் ஷிண்ட்லரின் குழு 226 என்ற எண் கொண்ட சிறிய ஏரியின் நடுவே திரை போட்டு இரண்டாகப் பிரித்தது. இரண்டு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும் இட்டார்கள். ஒரு பக்கம் மட்டும் பாஸ்பரஸும் சேர்த்தார்கள். அந்தப் பக்கம் மட்டும் பச்சையாக மாறியது. வானிலிருந்து எடுத்த அந்தப் படத்துக்குப் பிறகு வாதம் அடங்கியது.

கழிவுநீர் நிலையங்கள் மேம்பட்டன. சலவைத்தூளில் பாஸ்பேட்டுக்குக் கட்டுப்பாடு வந்தது. 1980களில் ஏரிக்கு வரும் பாஸ்பரஸ் பாதிக்கும் கீழே இறங்கியது, மீன்வளம் மீண்டது. 1990களில் மே ஈக்களும் திரும்பின. புளூ பைக் மட்டும் திரும்பவில்லை. அது அழிந்துவிட்டதாக 1983இல் அமெரிக்க அரசு அறிவித்தது.

1971இல் வந்த 'தி லோராக்ஸ்' என்ற சிறுவர் நூலில் டாக்டர் சூஸ், ஈரி ஏரியின் கேட்டைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தார். ஏரி தேறிவிட்டது என்று ஒஹாயோ ஆய்வாளர்கள் கடிதம் எழுத, பிந்தைய பதிப்புகளில் அந்த வரியை எடுத்துவிட்டார். நானும் அந்த இடத்தில்தான் கதையை முடித்துக்கொண்டிருந்தேன்.

இனி நான் சொல்லாத பகுதி. இதற்கு நூறு ஆண்டு பின்னால் போக வேண்டும். ஏரியின் மேற்குக் கோடியில் மௌமி ஆறு வந்து கலக்கிறது. அந்த ஆற்றுப் பகுதியில் ஒரு காலத்தில் சுமார் 4,000 சதுர கிலோமீட்டருக்குப் பெரிய சதுப்பு நிலம் இருந்தது. ஏரிக்குப் போகும் தண்ணீரை வடிகட்டிய இடம் அது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கால்வாய் வெட்டி, நிலத்தடியில் சுட்ட மண் குழாய்கள் பதித்து, அதை வடித்து விளைநிலமாக்கினார்கள். இன்று அங்கே மக்காச்சோளமும் சோயாவும் விளைகின்றன. இப்போதும் வயலுக்கு அடியில் வடிகால் குழாய்கள் இருக்கின்றன. இளவேனில் மழையில் உரமும் சாணமும் கரைந்து, அந்தக் குழாய் வழியே நேராக ஆற்றுக்குப் போகின்றன.

ஆலைக்கும் நகராட்சிக்கும் ஒரு குழாய் வாய் உண்டு. அங்கே ஆளை நிறுத்தி அளக்கலாம், அபராதம் போடலாம். ஆயிரக்கணக்கான வயல்களிலிருந்து மழையோடு வழியும் நீரை 1972இன் தூய நீர்ச் சட்டத்தின் அனுமதி முறை கட்டுப்படுத்தவில்லை. 1990களின் நடுவிலிருந்து தண்ணீரில் கரைந்த பாஸ்பரஸ் மறுபடி ஏறியது. கப்பல்களின் அடித்தொட்டி நீரோடு 1980களில் வந்து சேர்ந்த வரிக்குதிரைச் சிப்பிகள், நல்ல பாசியைத் தின்று நஞ்சுள்ள நீலப்பச்சைப் பாசியைத் துப்பிவிட்டன. 2011இல் மேற்குப் பகுதி பச்சைச் சாயம் கரைத்தது போல ஆனது.

2014 ஆகஸ்ட் 2 அன்று டோலிடோ குடிநீரில் அந்தப் பாசியின் நஞ்சு வரம்பைத் தாண்டியது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு மூன்று நாள் குழாய்த் தண்ணீர் இல்லை. அந்த நஞ்சு கொதித்தாலும் அழியாது. தண்ணீர் ஆவியாகக் குறையும்போது நஞ்சின் செறிவுதான் கூடும். வறுமையோ வறட்சியோ காரணமில்லை, பேரேரியின் கரையிலேயே அந்த நிலை.

2016இல் இரு நாடுகளும் ஏரிக்கு வரும் பாஸ்பரஸை 2008இன் அளவிலிருந்து 40 சதவீதம் குறைப்பது என்று இலக்கு வைத்தன. இன்றும் கோடையில் அங்கே பாசி வருகிறது, சில ஆண்டு குறைவாக, சில ஆண்டு கூடுதலாக.

சட்டம் போட்டதால் ஏரி தேறியது என்று நான் சொன்னது சரிதான். அதை யாரும் மறக்க வேண்டாம், மனிதர்கள் முயன்றால் முடியும் என்பதற்கு அது சாட்சி. ஆனால் "பிழைத்துவிட்டது" என்று முடித்தேனே, அதுதான் தவறு. தண்ணீர் வரும் வழியெல்லாம் சேர்ந்ததுதான் ஏரி. வழி மாறினால் கணக்கும் மாறும், அதை யாராவது வருடாவருடம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

என்னிடம் படித்தவர்கள் இதைப் பார்த்தால், அந்தப் பாடத்தின் கடைசி வரியை அடித்துவிடுங்கள். "இன்னும் சிகிச்சையில் இருக்கிறது" என்று எழுதிக்கொள்ளுங்கள். டோலிடோவிலிருந்து கேட்டவளுக்கு, தாமதமானாலும் இதுதான் சாரின் பதில்.