சில நேரங்களில் சில மனிதர்கள்: ஒரு சிறுகதை நாவலான வரலாறு

ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' 1966இல் ஆனந்த விகடனில் வெளிவந்த சிறுகதை. மழை நாளில் முன்பின் அறியாதவனின் காரில் ஏறி, தன்னை இழந்து வீடு திரும்புகிறாள் ஒரு கல்லூரி மாணவி. தாய் அவள் தலையில் நீரூற்றி, களங்கமற்றவள் என்று ஏற்றுக்கொள்கிறாள். இம்முடிவு கடும் எதிர்ப்பைக் கிளப்பியது.

தாய் அவ்வாறு செய்யாமல் ஊரறியக் கதறியிருந்தால்? இக்கேள்வியின் விரிவே 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவல். சிறுகதையில் பெயரில்லாத பெண் இதில் கங்கா. அண்ணனால் விரட்டப்பட்டவள், மாமாவின் ஆதரவில் படித்து உத்தியோகத்தில் அமர்கிறாள். சம்பளம் வந்தும் பழி நீங்கவில்லை. சுதந்திரமும் முழுமையாகக் கிட்டவில்லை.

நாவல் 1972இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது, 1977இல் அ. பீம்சிங் இயக்கத்தில் திரைப்படமானது. இரு கதைகளிலும் நிகழ்ச்சி ஒன்றே. அதன்பின் வீட்டார் நடந்துகொண்ட விதமே ஒரு பெண்ணின் வாழ்வை மாற்றியது.