ஆணைக்கு அடங்காத உழவர்

உலக சரித்திரம் என்றதும் நம் கண்முன் தோன்றுவோர் யாவர்? முடிசூடிய மன்னர்களும், படை நடத்திய தளபதிகளும், மேடையேறி முழங்கிய தலைவர்களுமே. மிஷன் பாடசாலையிற் சரித்திரம் பயின்ற நாட்களில் நாம் மனனஞ் செய்த ஆண்டுகளெல்லாம் அவர்கள் பட்டமேறிய ஆண்டுகளும் போர் தொடுத்த ஆண்டுகளுமேயாம். அவர்களுக்குச் சோறிட்ட உழவனின் பெயரை அந்நூல்களிற் காண்பதரிது. ஆயினும் எப்போதோ ஒருமுறை ஓர் உழவன், பேரரசொன்றின் முன்னே நின்று "மாட்டேன்" என்று ஒரேயொரு சொல்லைச் சொல்லி, சரித்திர ஏட்டில் இடம்பெற்று விடுகிறான். அத்தகைய ஒருவரே ஒஸ்திரியா நாட்டவரான பிரான்ஸ் யேகர்ஸ்டெட்டர்.

அவர் 1907ஆம் ஆண்டு மே மாதம் 20ஆந் திகதி சென் ராடேகுண்ட் என்னுஞ் சிற்றூரிற் பிறந்தார். ஹிட்லர் பிறந்த பிரவுனவ் நகரும் அதே மாவட்டத்தில் இருப்பது விந்தையே. யேகர்ஸ்டெட்டரின் தாய் பண்ணையொன்றின் பணிப்பெண். பெற்றோர் மணம் புரியவில்லை. தந்தையோ முதலாம் மகாயுத்தத்தில் மடிந்தார். குழந்தையைப் பாட்டியாரே வளர்த்தார். 1917இல் தாயை மணந்த பண்ணைக்காரர் இச்சிறுவனைத் தம் மகனாக ஏற்றுத் தம் பெயரையும் வழங்கினார். பண்ணையும் பின்னர் அவருக்கே உரியதாயிற்று.

இளமையில் அவர் மகானாக வாழ்ந்தவரல்லர். ஊரில் முதன்முதலாக மோட்டார் சைக்கிள் ஓட்டியவர் அவரே. சில காலம் இரும்புச் சுரங்கத்திற் கூலி வேலை செய்தார். திருமணத்துக்கு முன்னரே ஒரு பெண்குழந்தைக்குத் தந்தையுமானார். 1936ஆம் ஆண்டு ஏப்ரலில் பிரான்சிஸ்கா என்னும் நங்கையை மணந்த பின்னரே அவர் வாழ்வு புதுவழியிற் சென்றது. தம்பதிகள் இருவரும் உரோமாபுரிக்கு யாத்திரை போய் மீண்டனர். வயல் வேலையும் வழிபாடுமாக நாட்கள் இனிது கழிந்தன. மூன்று பெண்மக்கள் பிறந்தனர். இல்வாழ்க்கைக்கு ஓர் அதிகாரமும், உழவுக்கு ஓர் அதிகாரமும், வாய்மைக்கு ஓர் அதிகாரமும் வகுத்தார் வள்ளுவர். இம்மூன்றும் ஒரே மனிதரிடத்தில் ஒன்றையொன்று எதிர்த்து நின்றால் அவர் செய்வது யாது? அவ்வினாவே இவ்வுழவரின் வாசலுக்கு வந்தது.

1938ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஹிட்லரின் படைகள் ஒஸ்திரியாவினுட் புகுந்தன. ஏப்ரல் 10ஆந் திகதி அந்த இணைப்பைக் குறித்து வாக்கெடுப்பு நடந்தது. சென் ராடேகுண்டில் "வேண்டாம்" என வாக்களித்தவர் யேகர்ஸ்டெட்டர் ஒருவரே. ஊரார் அந்த ஒரு வாக்கையும் மறைத்து, ஊர் முழுவதும் இணைப்பை ஏற்றதாக அறிவித்தனர். ஊர்த்தலைவர் பதவி தம்மை நாடி வந்தபோது அவர் அதை மறுத்தார். பிள்ளைகளுக்கென அரசு கொடுத்த உதவிப்பணத்தையும், ஆலங்கட்டி மழையாற் பயிர் அழிந்த வேளையிற் கிடைத்த நிவாரணத்தையுங்கூட ஏற்க மறுத்தார். பயிரிழந்த உழவனுக்கு நிவாரணத்தை மறுப்பது எத்துணை அரிதென்பதை வயலில் இறங்கியவர்கள் அறிவார்கள்.

1940இல் அவர் படைக்கு அழைக்கப்பட்டுப் பயிற்சியும் பெற்றார். பண்ணை வேலையின் பொருட்டு 1941 ஏப்ரலில் விடுவிக்கப்பட்டார். மீண்டும் அழைப்பு வந்தாற் போகப் போவதில்லையென அப்பொழுதே தீர்மானித்தார். அது நீதியற்ற போர். அதில் ஆயுதமேந்துவது பாவம் என்பது அவர் கொண்ட முடிபு. கோயிற் குருமார் தடுத்தனர். லின்ஸ் நகர மேற்றிராணியாரிடமுஞ் சென்று வினவினார். குடும்பத் தலைவனின் முதற்கடமை குடும்பத்தைக் காப்பதே. போரின் பொறுப்பு ஆள்வோரையே சாரும் என்பதே அங்குங் கிடைத்த விடை. உறவினரும் அயலவரும் கூறியதும் அதுவே. "பெண்சாதி பிள்ளைகளை எண்ணிப் பார்" என்பதே எல்லோர் வாயிலும் எழுந்த சொல்.

அவர் எண்ணிப் பார்க்கவில்லையா? எண்ணிப் பார்த்தார் என்பதற்கு அவருடைய கடிதங்களே சான்று. 1943 மார்ச் 1ஆந் திகதி படைமுகாமில் ஆஜராகிப் போரிட மறுத்தமையால், அவரை முதலில் லின்ஸிலும், மே மாதத்திற் பேர்லினிலுஞ் சிறை வைத்தனர். அங்கிருந்து எழுதிய கடிதங்களில் மனைவி மக்கள் நலனையும் பண்ணை வேலையையும் பற்றியே ஓயாது விசாரித்தார். ஆயுதமின்றி நோயாளரையுங் காயமுற்றோரையும் பேணும் பணி தந்தால் ஏற்கவும் ஆயத்தமாயிருந்தார். அதனை எவரும் ஏற்கவில்லை. யூலை 6ஆந் திகதி இராணுவ நீதிமன்றம் மரணதண்டனை விதித்தது. 1943 ஓகஸ்ட் 9ஆந் திகதி, பிராண்டன்பேர்க் சிறையில், அவர் சிரச்சேதஞ் செய்யப்பட்டார். வயது 36. மூத்த மகளுக்கு ஆறு வயது நிரம்பவில்லை.

இவ்விடத்தில் என் மனம் தடுமாறியதை மறைக்கமாட்டேன். மூன்று குழந்தைகளைத் தவிக்கவிட்டுச் செல்ல ஒரு தந்தைக்கு உரிமை உண்டா? அவர் மறுத்ததனாற் போர் ஒரு நாளேனும் முன்னதாக முடிந்ததா? இல்லையே! இவ்வினாக்களுக்கு விடை தேடியபோது பிரான்சிஸ்கா அம்மையாரின் வாழ்வே என் கண்முன் நின்றது. தொடக்கத்தில் அவரும் கணவரைத் தடுத்துப் பார்த்தார். எல்லோரும் அவரைக் குறை கூறக் கண்டபின், தாமுந் துணை நில்லாவிடின் அவருக்கு எவருமில்லை என்றெண்ணி உடன் நின்றார். யூலை மாதத்தில் பேர்லின் வரை சென்று, சிறையில் இருபது நிமிட நேரமே கணவரைக் கண்டு மீண்டார். அதன்பின் ஏரும் அவர் கையில்; குழந்தைகளும் அவர் கையில். கணவரின் மரணத்துக்கு இவரே காரணமென ஊரிற் சிலர் பழித்தனர். போர் முடிந்த பின்னரும் விதவைக்குரிய உதவிப்பணம் மறுக்கப்பட்டு, 1950இலேயே கிடைத்தது. ஆதலின் யேகர்ஸ்டெட்டரின் "மாட்டேன்" என்ற சொல்லுக்கு விலை கொடுத்தவர்கள் இருவர். ஒருவர் ஒரு நாளிற் கொடுத்தார். மற்றவர் எழுபதாண்டு கொடுத்தார்.

அவரை உலகம் அறியக் காலஞ் சென்றது. அமெரிக்கச் சமூகவியலறிஞர் கோர்டன் சான் 1964இல் எழுதிய நூலே அவரைப் பிறநாட்டார்க்கு அறிமுகஞ் செய்தது. 1997இற் பேர்லின் நீதிமன்றம் அவர்மீதான தீர்ப்பை இரத்துச் செய்தது. 2007 ஒக்டோபர் 26ஆந் திகதி, அன்று அறிவுரை கூறித் திருப்பியனுப்பிய அதே லின்ஸ் நகரிற் கத்தோலிக்க திருச்சபை அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தது. 94 வயதான பிரான்சிஸ்கா அவ்விழாவிற் கலந்துகொண்டார். 2013இல், நூறு வயது நிறைந்தபின், அவர் கண்மூடினார்.

இளைஞர்காள்! போர் தின்ற குடும்பங்களையும், தலைவனையிழந்த வீட்டை ஒரு பெண்ணே சுமந்து நின்றதையும் நம் நாட்டிலும் கண்டிருக்கிறோம். ஆகவே இவ்வரலாறு நமக்கு அந்நியமன்று. குடும்பத்தின் பெயரைச் சொல்லி அநீதிக்கு இணங்குவது எளிது; எல்லோரும் அவ்வாறே செய்கின்றனர் என்பது அதற்கு ஏற்ற சமாதானமுமாகும். தன் மக்களுக்கு வயலை மட்டுமன்றி, மாசற்ற பெயரையும் விட்டுச் செல்ல வேண்டுமென நினைத்தார் அந்த உழவர். அவர் செய்தது சரியோ தவறோ என்பதை அவரவர் மனச்சாட்சியே தீர்ப்பதாகுக. ஆனால் அவரைப்பற்றிப் பேசும்போதெல்லாம், அவர் விட்டுச் சென்ற ஏரைப் பிடித்த அம்மையாரையுஞ் சேர்த்தே பேசுவோமாக. அதுவே இவ்வரலாற்றுக்கு நாம் செய்யும் நீதி.