எனது இல., உமது இல.

சண்டிலிப்பாய்ப் பிரதேச செயலகமானாலும் கொழும்பிலுள்ள ஒரு திணைக்களமானாலும், இலங்கையின் அரச கந்தோர்க் கடிதத் தலைப்புக்கு ஒரு பழகிய முகம் உண்டு. மேலே மூன்று மொழியிலும் ‘எனது இல.’, ‘உமது இல.’, ‘திகதி’ என்று அச்சிட்டிருக்கும். விளிப்புக்குக் கீழே, அடிக்கோடிட்ட ஒற்றை வரியில் விடயம். அதன்பின் இலக்கமிட்ட பந்திகள். இதைக் கந்தோர் வறட்சி என்று ஒதுக்குபவர்கள் பலர். ஆனால் மின்னஞ்சல் எழுதும் ஒழுங்கு என்று இன்று பயிற்சிப் பட்டறை வைத்துச் சொல்லித்தருவதில் முக்காற்பங்கு இந்தத் தலைப்புக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. யாழ்ப்பாணத்தில் சண்டிலிப்பாய் இருக்கும் வலிகாமத்தின் தென்மேற்குப் பகுதியில் அச்சும் தபாலும் காலூன்றிய வரலாற்றைப் பார்த்தால், கடிதத்தில் மரியாதை எங்கே இருக்கிறது என்ற எண்ணமே அங்கு மெல்ல இடம் மாறியது தெரியும். விளிப்பிலும் வணக்கத்திலும் இருந்த மரியாதை, வாசிக்கிறவருக்கு வேலை வைக்காமல் எழுதுவதற்கு நகர்ந்தது.

முன்பிருந்த நிலையை அறிய ஏட்டுக்குப் போகவேண்டும். சண்டிலிப்பாய்க் கல்வளைப் பிள்ளையார் மேல் நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர் 18ஆம் நூற்றாண்டில் கல்வளை அந்தாதி பாடினார். அந்தக் காலத்து ஏட்டில் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது. எழுத்தாணி ஓலையைத் துளைத்துவிடும் என்று மெய்க்குப் புள்ளி இடுவதில்லை. எகரமா ஏகாரமா, காலா ரகரமா என்பதை வாசிக்கிறவரே ஊகிக்கவேண்டும். செய்யுளுக்கு இது பெரிய குறையல்ல. எதுகையும் சீரும் பிழையைக் காட்டிக்கொடுக்கும். மிஞ்சிய சந்தேகத்தைத் தீர்க்க ஆசிரியர் பக்கத்தில் இருப்பார். கடிதத்துக்கு இந்த இரண்டு துணையும் இல்லை. ஓலை கொண்டுவந்தவன் வாயால் சொல்லி நிரப்பினால்தான் உண்டு. எழுதியவரின் பணிவு முழுவதும் பெறுபவரின் புகழ்மொழிகளில் செலவானது. செய்தி கடைசியில் ஒரு மூலைக்குள் ஒடுங்கிக் கிடந்தது.

யாழ்ப்பாணத்துக்கு 1816இல் வந்த அமெரிக்க மிஷனரிமார், சண்டிலிப்பாய்க்கு அடுத்த ஊரான மானிப்பாயில் 1830களில் அச்சுக்கூடம் நிறுவினார்கள். 1841 ஜனவரியில் தமிழிலும் ஆங்கிலத்திலுமாக ‘உதயதாரகை’ வெளிவரத் தொடங்கியது. அச்சில் வந்த தாள், எழுதியவரை ஒருநாளும் காணாதவர் கைக்குப் போனது. அவருக்குச் சந்தேகம் வந்தால் கேட்க ஆளில்லை. பந்தி பிரிப்பதும் நிறுத்தக்குறி இடுவதும் இந்த நெருக்கடிக்குக் கிடைத்த பதில்கள். அதே மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். மருந்தின் அளவைச் சொல்லும் வசனத்தில் மயக்கம் இருந்தால் என்ன நடக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கம், நம்முடைய பண்பு பணிவான சொல்லில்தான் இருக்கிறது என்று ஒரு மறுப்பு எழலாம். அதற்கு ஆறுமுக நாவலரே விடை. மிஷனரிமாரை அவரைப்போல எதிர்த்தவர் யாழ்ப்பாணத்தில் வேறொருவர் இல்லை. பேர்சிவல் பாதிரியாருடன் விவிலிய மொழிபெயர்ப்பில் வேலை செய்தவர். பிறகு விலகி, வண்ணார்பண்ணையில் சொந்த அச்சுக்கூடம் வைத்து, 1852இல் பெரியபுராணத்தை வசனமாக வெளியிட்டார். தாம் எதிர்த்தவர்களின் சமயத்தைத் தள்ளிய அவர் அவர்களின் காற்புள்ளியையும் முற்றுப்புள்ளியையும் தள்ளவில்லை. கடின சந்திகளைப் பிரித்தும் அச்சிட்டார். ஆசிரியர் இல்லாத வீட்டிலும் நூல் வாசிக்கப்படவேண்டும் என்பது அவருடைய தேவையாகவும் இருந்தது. நாவலர் நடையே இன்றைக்குக் கடினம்தானே என்றால், உண்மைதான். அவருடைய வாக்கியங்கள் நீளமானவை. ஆனாலும் நீண்ட வாக்கியத்தின் நடுவே மூச்சு விட இடம் காட்டியிருப்பார். நிறுத்தக்குறியே இல்லாமல் ஒரே மூச்சில் வருகிற இன்றைய மின்னஞ்சல்கள் சிலவற்றைவிட அவரை வாசிப்பது எளிது.

அச்சு தந்த பழக்கத்தைத் தபால் வீட்டுக்குள் கொண்டுவந்தது. இலங்கையில் முத்திரை 1857இல் வந்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து யாழ்ப்பாணத்து இளைஞர்கள் மலாயாவின் புகையிரதப் பகுதிக்கும் கந்தோர்களுக்கும் இலிகிதர்களாகப் போகத் தொடங்கியதும், கடிதம் ஊரின் அன்றாடத் தேவையாயிற்று. மேலே பிள்ளையார் சுழி, ‘சிவமயம்’, வலப்பக்கம் ஊரும் திகதியும், அன்புள்ள தமையனுக்கு, நலம், நலமறிய ஆவல் என்ற சட்டகம் நிலைத்தது. இதை வெறும் சடங்கு என்று சிரிப்பது எளிது. கப்பலில் வாரக்கணக்கில் போன கடிதத்துக்கு ஊரும் திகதியும் உயிர்நாடி. எந்தக் கடிதத்துக்கு எது பதில் என்று வேறு எப்படித் தெரியும்? மூலையில் மஞ்சள் தடவியிருந்தால் கலியாணம், கறுப்புக் கரையிட்டிருந்தால் சாவு. உறையைப் பிரிக்குமுன்பே விடயம் தெரிந்துவிடும். மின்னஞ்சலின் விடய வரி செய்யவேண்டிய வேலையும் இதுதான். பகலில் கந்தோரில் கோவை இலக்கமிட்டு எழுதிய கை இரவில் வீட்டுக்கும் எழுதியது. இரண்டு ஒழுங்கும் ஒரே ஆளிடம் இருந்தன. ஆங்கில உத்தியோகக் கடிதத்தின் ‘தங்கள் கீழ்ப்படிவுள்ள ஊழியன்’ என்ற வாலும் கூடவே தொற்றிக்கொண்டது. அது போனதில் எனக்கு வருத்தமில்லை.

மின்னஞ்சல் பேச்சுமாதிரித்தானே, அதற்கு ஏன் இத்தனை ஒழுங்கு என்பது இன்றைய மறுப்பு. பேச்சில் முகம் பார்க்கலாம், இடைமறித்துக் கேட்கலாம். ரொறன்ரோவில் நள்ளிரவில் எழுதியதைச் சண்டிலிப்பாயில் பகலில் தொலைபேசித் திரையில் வாசிப்பவருக்கு அந்த வசதி இல்லை. 1995 ஒக்டோபரில் இணையப் பொறியாளர்கள் வெளியிட்ட ஒழுக்கக் குறிப்பான ஆர்.எப்.சி. 1855, விடய வரி உள்ளடக்கத்தைக் காட்டவேண்டும், ஒரு வரி 65 எழுத்துக்குள் நிற்கவேண்டும், கையொப்பம் நான்கு வரியைத் தாண்டக்கூடாது, ஆங்கிலத்தில் எல்லாம் பெரிய எழுத்தானால் கத்துவதுபோல் இருக்கும் என்று சொன்னது. ஒவ்வொன்றும் மறுபக்கத்தின் கண்ணை நினைத்து இட்ட விதி. அதே ஆண்டுகளில் மின்சாரமும் தொலைபேசியும் அறுந்துகிடந்த யாழ்ப்பாணத்திலிருந்து உறவினருக்குச் சேதி கொண்டுபோன வழிகளில் ஒன்று செஞ்சிலுவைப் படிவம். உறை கிடையாது, குடும்பச் செய்தி மட்டும், சில வரிகள். இடம் சுருங்கினாலும் யாருக்கு, யாரிடமிருந்து, எந்தத் திகதி என்பவை சுருங்கவில்லை. சுருக்கத்துக்கும் அவசரத்துக்கும் இடையிலான வேறுபாட்டை அந்தத் தாளில் பார்க்கலாம்.

தமிழ் மின்னஞ்சலுக்குத் தனியாக ஒரு சுமையும் இருந்தது. ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியீடு என்றிருந்த 1990களில், அனுப்பியவர் திரையில் தமிழாக இருந்தது பெற்றவர் திரையில் குப்பையாகக் கொட்டியது. 1997இல் சிங்கப்பூரில் கூடிய தமிழிணைய மாநாட்டுக்கு இந்தச் சிக்கல் பெரிய கவலை. அன்றைக்கு ரோமன் எழுத்தில் தமிழை எழுதியவர்களுக்கு நியாயம் இருந்தது. ஒருங்குறி எல்லாத் தொலைபேசியிலும் வந்துவிட்ட பிறகும் அப்படியே எழுதுவது, புள்ளியிடாத ஏட்டைப் பெறுபவரிடம் கொடுத்து ‘நீயே ஊகி’ என்பதற்குச் சமம். ‘சிவமயம்’ போடுவதும் விடுவதும் அவரவர் விருப்பம். விடய வரியை வெறுமையாக விட்டுக் கோவை இலக்கத்தையும் மறந்து கந்தோருக்கு எழுதுகிறவர் மட்டும், பதில் வரவில்லை என்று இலிகிதரைக் குறைசொல்லமுடியாது.