கீழ்ப்பாக்கம் கேஸ்

எங்கள் செய்யாற்றுத் தெருவில், குழித்தறியில் பாவு இழை அறுந்தால், பக்கத்தில் நிற்கும் பையனைப் பார்த்து "கீழ்ப்பாக்கம் கேஸுடா நீ" என்பார் தறிக்காரர். அது ஏதோ நோயின் பெயர் என்றே நினைத்திருந்தேன். சென்னையில் பஸ் பலகையில் படித்த அன்றுதான் அது ஓர் ஊர் என்று தெரிந்தது. பாக்கம் என்றால் குடியிருப்பு. நம் தொண்டை மண்டலத்தில் பாக்கங்களுக்கா பஞ்சம்? அவற்றில் ஒன்று மட்டும் வசவானது.

அந்த வசவுக்குப் பைத்தியம் என்று பொருள். பைத்தியம் என்ற சொல்லுக்கு மூலம் பித்தம். உடலில் பித்தம் மிஞ்சினால் புத்தி தடுமாறும் என்றது பழைய வைத்தியம். அதாவது, சொல் பிறந்தபோது அது நோயைத்தான் குறித்தது, ஆளை இழிக்கவில்லை. சிவனையே பித்தன் என்று அழைத்தார் சுந்தரர்.

1794-இல் வாலண்டைன் கொனோலி என்ற கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் சென்னையில் மனநோயாளிகளுக்குத் தனியார் விடுதி ஒன்றைத் தொடங்கினார். 1871-இல் கீழ்ப்பாக்கத்து லோகாக் தோட்டத்தில் அரசு விடுதி 145 பேருடன் திறந்தது. ஆங்கிலப் பெயர் 'லூனாடிக் அசைலம்'. லூனா என்றால் லத்தீனில் நிலா; அமாவாசைக்குப் புத்தி பேதலிக்கும் என்று நம் பாட்டிகள் சொல்வார்களே, அதே நம்பிக்கை. அசைலம் என்பதோ கிரேக்கத்தில் யாரும் கைவைக்க முடியாத புகலிடம். அழகான சொல். ஆனால் நம் வாயில் அது 'பைத்தியக்கார ஆஸ்பத்திரி' ஆயிற்று. புகலிடம் என்ற பொருள் மதிலுக்கு வெளியே நின்றுவிட்டது.

1922-இல் பெயர் மனநோய் மருத்துவமனை என்று மாறியது. இன்று நாம் மனநலக் காப்பகம் என்கிறோம். காப்பகம்! சுற்றிச் சுற்றி அந்தக் கிரேக்கப் பொருளுக்கே வந்துவிட்டோம். பலகை மாறியும் நாக்கு மட்டும் மாறவில்லை. நோயின் பெயரைச் சொல்லக் கூசியவர்கள் ஊரின் பெயரைச் சொல்லித் திட்டினார்கள்.

இதில் எனக்கு ஆறாத வருத்தம் உண்டு. மாதக்கணக்கில் தூக்கமில்லாமல் தவித்த அக்கா ஒருவரை டாக்டரிடம் போகக் கூப்பிட்டோம். "தெருவே கீழ்ப்பாக்கம்னு சொல்லும், நான் வரல" என்று தறி மேடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

இனி அந்த ஊர்ப்பெயரால் யாரையும் திட்டாதீர்கள். வீட்டில் யாராவது தவித்தால் 14416-ஐ அழையுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண். இரவிலும் தமிழில் பேசுவார்கள்.